"எல்லோரும் போட்டிருக்கிறார்களே, நமக்கு எதற்கு?": தட்டம்மைத் தடுப்பூசியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2014 டிசம்பர் 17 முதல் 20 வரையிலான நாள்களில், கலிபோர்னியாவின் டிஸ்னிலேண்டுக்கு யாரோ ஒருவர் தட்டம்மை வைரஸைச் சுமந்து வந்து போனார். அவர் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. அந்த ஆண்டு பிலிப்பைன்ஸில் பரவிக்கொண்டிருந்த அதே வகை வைரஸ் என்பது மட்டும் பரிசோதனையில் தெரிந்தது. அமெரிக்காவின் ஏழு மாநிலங்களில் 147 பேர் நோயில் விழுந்தார்கள். மெக்சிகோவிலும் கனடாவிலும் நோய் தலைகாட்டியது. தட்டம்மையை ஒழித்துவிட்டோம் என்று 2000ஆம் ஆண்டிலேயே அறிவித்த நாட்டில் இது நடந்தது.

கலிபோர்னியாவில் முதலில் ஆராயப்பட்ட 110 நோயாளிகளில் 49 பேர் தடுப்பூசி போடாதவர்கள். அவர்களில் 12 பேர், போட்டுக்கொள்ளும் வயதே வராத கைக்குழந்தைகள். இந்தப் பன்னிரண்டு பேரை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. அவர்களைக் காக்கும் வழி அவர்கள் கையில் இல்லை, பெற்றோர் கையிலும் இல்லை. சுற்றி இருந்தவர்களின் கையில் மட்டுமே இருந்தது.

மந்தை எதிர்ப்பாற்றல் என்று கொரோனா காலத்தில் நாளிதழ்களில் படித்தோமே, அது இதுதான். எதிர்ப்பாற்றல் இல்லாத கூட்டத்தில் ஒரு தட்டம்மை நோயாளி 12 முதல் 18 பேருக்குத் தொற்ற வைக்கக்கூடும். நூற்றில் சுமார் 95 பேருக்கு எதிர்ப்பாற்றல் இருந்தால்தான் அந்தச் சங்கிலி அறுபடும். இதைக் கேட்டதும் பலர் போடும் தப்புக்கணக்கு ஒன்று உண்டு: "95 போதுமென்றால், மீதி ஐந்தில் என் குழந்தை இருந்துவிட்டுப் போகட்டும்." அந்த ஐந்து இடங்களும் காலியாக இல்லை. கைக்குழந்தைகள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் பிள்ளைகள், எதிர்ப்பாற்றல் இல்லாத கர்ப்பிணிகள், ஊசி போட்டும் பலன் கிடைக்காத சிலர் என்று அவை ஏற்கெனவே நிரம்பிவிட்டன. ஆரோக்கியமான குழந்தை அங்கே போய் உட்கார்ந்தால், எழுந்து நிற்க வேண்டியவர் அவர்களில் ஒருவர்தான்.

இன்னொரு தவறு, சராசரியை நம்புவது. ஏரிக்கரையின் சராசரி உயரம் பத்தடி என்று யாரும் நிம்மதியாகத் தூங்குவதில்லை. கரை எங்கே தாழ்ந்திருக்கிறதோ அங்கேதான் உடைப்பெடுக்கும். டெக்சாஸ் மாநிலம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் பள்ளியில் சேரும் குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோர் தடுப்பூசி போட்டவர்கள். ஆனால் அங்குள்ள கெய்ன்ஸ் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற பகுதி), மழலையர் வகுப்புக் குழந்தைகளில் ஆறில் ஒருவருக்கும் அதிகமானோருக்குப் பெற்றோர் தடுப்பூசியிலிருந்து விலக்கு வாங்கியிருந்தார்கள். 2025இல் அங்கிருந்து கிளம்பிய நோய் டெக்சாஸில் மட்டும் 762 பேரைத் தாக்கியது. தடுப்பூசி போடாத, பள்ளி வயதுக் குழந்தைகள் இருவர் இறந்தார்கள். தயங்கும் பெற்றோர் பெரும்பாலும் ஒரே தெருவில், ஒரே சபையில், ஒரே பள்ளியில் சேர்ந்திருக்கிறார்கள். ஆகவே மாநிலத்தின் சதவீதத்தைக் கேட்டு ஆறுதல் அடையாதீர்கள். உங்கள் குழந்தையின் வகுப்பில் எத்தனை பேர் போட்டிருக்கிறார்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள்.

பொது இடங்களில் செய்யும் தவறு, நோயாளியைக் கண்ணால் கண்டால் விலகிக்கொள்ளலாம் என்று நினைப்பது. தடிப்பு தோன்றுவதற்கு நான்கு நாள் முன்பே தட்டம்மை தொற்றத் தொடங்கிவிடுகிறது. அப்போது வெறும் காய்ச்சல், மூக்கு ஒழுகல், இருமல், சிவந்த கண்கள் மட்டுமே இருக்கும். சளி என்று நினைத்துத் திருவிழாவுக்கும் கூட்டிப்போவோம். நோயாளி இருமிவிட்டுப் போன அறையின் காற்றில் வைரஸ் இரண்டு மணி நேரம் வரை உயிர்ப்புடன் இருக்கக்கூடும். எதிர்ப்பாற்றல் இல்லாதவர்கள் நோயாளியின் அருகில் இருந்தால், பத்தில் ஒன்பது பேருக்குத் தொற்றிவிடும்.

இதில் மிக ஆபத்தான பொது இடம் மருத்துவமனையின் காத்திருப்பு அறை. 2008இல் கலிபோர்னியாவின் சான் டியாகோவில், சுவிட்சர்லாந்து போய்த் திரும்பிய, தடுப்பூசி போடாத ஏழு வயதுச் சிறுவனைக் காய்ச்சலென்று குழந்தை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார்கள். அன்று அதே இடத்தில் இருந்த நான்கு குழந்தைகளுக்குத் தொற்றியது. அவர்களில் மூவர் ஒரு வயதுகூட நிரம்பாதவர்கள். பெற்றோர் செய்தது இயல்பான காரியம்தான், நாமும் அதையே செய்வோம். ஆனால் காய்ச்சலோடு தடிப்பும் தெரிந்தால், கிளம்பும் முன் தொலைபேசியில் சொல்லுங்கள். வேறு வாசல் வழியாக வரச் சொல்வார்கள், அல்லது தனி அறை தருவார்கள். அதுவரை குழந்தையோடு வெளியே, மற்றவர்களிடமிருந்து தள்ளி நில்லுங்கள். டோக்கன் வரிசையில் மட்டும் போய் உட்கார வேண்டாம்.

அம்மை கண்ட வீட்டின் வாசலில் வேப்பிலை செருகுவது நம் ஊர் வழக்கம். அதைப் பழிக்க எனக்கு மனமில்லை. உள்ளே நோய் இருக்கிறது, வெளியார் வர வேண்டாம் என்ற அறிவிப்பாகவும் அது பயன்பட்டது. 2019இல் பசிபிக் தீவு நாடான சமோவாவில், தடுப்பூசி போடாதவர்கள் இருக்கும் வீட்டின் முன் சிவப்புத் துணி கட்டச் சொன்னது அரசு. நாடே கடையடைத்து இரண்டு நாள் காத்திருக்க, செவிலியர்கள் அந்தத் துணியைப் பார்த்து வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். அந்தப் பரவலில் மொத்தம் 83 உயிர்கள் போயின, பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிஞ்சுகள். நம் வீடுகளில் நடக்கும் தவறு வேப்பிலையில் இல்லை. 'அம்மன் வந்திருக்கிறாள்' என்று மருத்துவரிடம் போகாமல் இருப்பது, தட்டம்மைக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டிய வைட்டமின் ஏ-யைத் தவறவிடுவது, சுகாதாரப் பணியாளரிடம் மறைப்பது ஆகியவைதான் தவறு.

"போட்டவர்களுக்கும் வருகிறதே?" என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஆயிரம் பேர் படிக்கும் பள்ளியில் 950 பேர் இரண்டு தவணையும் போட்டவர்கள், 50 பேர் போடாதவர்கள் என்று வையுங்கள். இரண்டு தவணை சுமார் 97 சதவீதம் காக்கும். நோய் பள்ளி முழுவதும் பரவினால், போட்டவர்களில் 26 பேர் அளவிலும் போடாதவர்களில் 45 பேர் அளவிலும் படுப்பார்கள். 'நோயாளிகளில் மூன்றில் ஒருவருக்கும் மேல் தடுப்பூசி போட்டவர்' என்று செய்தி வரும். அது பொய்யில்லை. ஆனால் ஒரு பக்கம் நூற்றுக்கு மூன்று, மறுபக்கம் நூற்றுக்குத் தொண்ணூறு என்பதை அது சொல்லாது.

ஒரு தவணையோடு நிறுத்துவதும் தவறுதான். ஒன்று போட்டால் சுமார் 93 சதவீதப் பாதுகாப்பு என்பது கேட்க நன்றாக இருக்கும். 95 தேவைப்படும் நோய்க்கு அது போதாது.

நோய் வந்து போனால் உடம்பு உறுதிப்படும் என்ற பேச்சு எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. 2019இல் வெளியான ஆய்வில், நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத 77 குழந்தைகளின் ரத்தத்தைத் தட்டம்மைக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். வேறு நோய்களுக்கு எதிராக அவர்கள் சேர்த்து வைத்திருந்த எதிர்ப்புப் புரதங்களில் 11 முதல் 73 சதவீதம் வரை அழிந்திருந்தன. உடம்பு உறுதிப்படவில்லை, கற்றதை மறந்திருந்தது. தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்ற பயமோ, 1998இல் 12 குழந்தைகளை மட்டும் வைத்து எழுதப்பட்டு 2010இல் திரும்பப் பெறப்பட்ட ஒரு கட்டுரையிலிருந்து கிளம்பியது. டென்மார்க்கில் ஆறரை லட்சம் குழந்தைகளைப் பின்தொடர்ந்து பார்த்தும் அப்படி ஒரு தொடர்பு தென்படவில்லை. 2017இல் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா முகாம் நடந்தபோது வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்திகளைக் கண்டு தயங்கிய பெற்றோர்களுக்கு இதைச் சொல்ல அன்று ஆள் போதவில்லை.

வெளிநாட்டில் பிறந்த குழந்தையைத் தாத்தா பாட்டியிடம் காட்ட ஊருக்கு அழைத்து வருகிறவர்கள் கவனிக்க: அமெரிக்காவில் முதல் தவணை 12 மாதத்துக்குப் பிறகுதான். ஆனால் வெளிநாட்டுப் பயணமென்றால் 6 முதல் 11 மாதக் குழந்தைக்கும் ஒரு தவணை போடச் சொல்கிறார்கள். அது கணக்கில் சேராது. வழக்கமான இரண்டையும் பிறகு போட வேண்டும். நோயாளியோடு ஒரே இடத்தில் இருந்துவிட்டதாகத் தெரிந்தால், வருகிறதா பார்ப்போம் என்று காத்திருக்காதீர்கள். 72 மணி நேரத்துக்குள் போடும் ஊசி நோயைத் தடுக்கக்கூடும். தடுப்பூசி போட முடியாத கைக்குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆறு நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் என்ற ஆயத்த எதிர்ப்புப் புரத மருந்தைத் தரலாம்.

டிஸ்னிலேண்ட் கணக்கில் நான் சொல்லாமல் விட்ட எண் ஒன்று இருக்கிறது. அந்த 110 பேரில் 47 பேர், தடுப்பூசி போட்டவர்களா இல்லையா என்பதற்குப் பதிவே இல்லாதவர்கள். பீரோவைத் திறந்து குழந்தையின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள்: இந்திய அட்டவணைப்படி 9 முதல் 12 மாதத்துக்குள் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று. அட்டை தொலைந்துவிட்டது, நினைவும் இல்லை என்றால் மருத்துவரிடம் கேட்டு மறுபடி போட்டுக்கொள்ளலாம். ஏற்கெனவே போட்டிருந்தாலும் கெடுதல் இல்லை. தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதன்கிழமை தடுப்பூசி நாள், கட்டணம் இல்லை.