கேம் ஐடி பேன் ஆகிவிட்டதா? அப்பீல் எழுதும் முன் இதைப் படியுங்கள்

ஆன்லைன் கேமில் உங்கள் ஐடியை, அதாவது அக்கவுன்ட்டை, பேன் செய்து தடுத்துவிட்டார்களா? புது அக்கவுன்ட் திறக்காதீர்கள். பேன் வந்த ஆத்திரத்தில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான், ஆனால் நிறைய கம்பெனிகள் அதைத் தடையை ஏமாற்றும் வேலையாகத்தான் பார்க்கும், அப்புறம் பழைய ஐடிக்காக நீங்கள் எழுதும் நியாயமான அப்பீலும் அதோடு சேர்ந்து கெட்டுப்போகும். கணினியை உடனே ஃபார்மட் செய்யவும் வேண்டாம். திரையில் வந்த அறிவிப்பை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அன்று என்னென்ன புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது, என்னென்ன நிறுவியிருக்கிறது என்ற பட்டியலையும் படம் பிடித்து வையுங்கள், மெயிலில் ஸ்பாம் பெட்டி வரைக்கும் தேடிப் பாருங்கள்.

வருஷக்கணக்கில் ஏற்றிய ரேங்க், காசு கொடுத்து வாங்கிய ஸ்கின் (கேமுக்குள் வரும் அலங்காரப் பொருள்), தினமும் ராத்திரி சேர்ந்து விளையாடும் கூட்டாளிகள், இதெல்லாம் ஒரே நொடியில் போவது சின்ன வலி இல்லை. "கேம்தானே, விடு" என்று வீட்டில் சொல்வார்கள். விட வேண்டாம். ஆனால் எழுதுவதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தாக வேண்டும்: உங்களைத் தடுத்தது யார், எதற்காக? பாதி அப்பீல்கள் வீணாவது தப்பான கதவைத் தட்டுவதால்தான்.

கணினி கேம்களை விற்கும் வால்வ் நிறுவனத்தின் தளமான ஸ்டீமை எடுத்துக்கொள்வோம், குழப்பம் அதிகம் அங்கேதான். கவுன்டர் ஸ்ட்ரைக் என்ற கேமில் மேட்ச்சைப் பாதியில் விட்டால் வருவது கூல்டவுன் என்ற தற்காலிகத் தடை, அது நேரம் முடிந்ததும் தானாகப் போய்விடும், அதற்கு அப்பீலே தேவையில்லை. "கேம் பேன்" என்று புரொஃபைலில் இருந்தால் அதைப் போட்டது அந்த கேமை உருவாக்கிய நிறுவனம், ஸ்டீம் அதைக் காட்டுகிறது, அவ்வளவுதான், ஆகவே அந்த நிறுவனத்தின் சப்போர்ட்டுக்குத்தான் எழுத வேண்டும், ஸ்டீமுக்கு எழுதினால் அங்கே போ என்றுதான் பதில் வரும். அக்கவுன்ட் 'லாக்' ஆகியிருந்தால் அது பெரும்பாலும் வேறு கதை: யாரோ உங்கள் ஐடிக்குள் நுழைந்ததாகச் சந்தேகம், அல்லது கட்டிய பணத்தை வங்கி மூலம் திரும்பப் பெற்ற தகராறு. பணத் தகராறு என்றால் முதலில் அதைத் தீர்க்க வேண்டும், உருக்கமான கடிதம் அங்கே வேலைக்கு ஆகாது.

இதில் கடினமானது வேக் பேன். வேக் (VAC) என்பது ஏமாற்றி விளையாடுபவர்களைப் பிடிக்கும் வால்வ் நிறுவனத்தின் ஆன்டி-சீட் சாஃப்ட்வேர், 2002 முதல் இருக்கிறது, அதன் விதி கடுமையானது: பேன் நிரந்தரம், சப்போர்ட்டில் இருப்பவர்களால் அதை எடுக்க முடியாது என்று வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். கண்டுபிடித்த உடனே தடுக்காமல் தாமதமாகவும் தடுப்பார்கள், அதனால் இன்று வந்த பேனுக்கான காரணம் போன வாரத்தில்கூட இருக்கலாம். அப்படியென்றால் வழியே இல்லையா? இருக்கிறது, குற்றமில்லாதவர்களுக்கு. 2010 ஜூலையில் மாடர்ன் வார்ஃபேர் 2 என்ற கேமை விளையாடிய சுமார் 12,000 பேரை வேக் தவறாகத் தடுத்தது. வால்வ் அதை ஒப்புக்கொண்டு எல்லாப் பேனையும் நீக்கியது, வால்வ் தலைவர் கேப் நியூவெல் மன்னிப்புக் கேட்டு மெயில் அனுப்பினார், ஆளுக்கு ஒரு லெஃப்ட் 4 டெட் 2 கேம் இலவசமாகக் கொடுத்தார்கள், நண்பருக்குப் பரிசளிக்க இன்னொரு பிரதியும் சேர்த்து. 2023 அக்டோபரில் ஏஎம்டி நிறுவனத்தின் கிராஃபிக்ஸ் டிரைவரில் (கிராஃபிக்ஸ் கார்டை இயக்கும் சாஃப்ட்வேர்) புதிதாக வந்த, தாமதத்தைக் குறைக்கும் ஆன்டி-லேக் பிளஸ் வசதியை ஆன் செய்து கவுன்டர் ஸ்ட்ரைக் 2 விளையாடியவர்களுக்கு வேக் பேன் விழுந்தது, அந்த வசதி கேமின் கோப்புகளுக்குள் கை வைத்ததுதான் காரணம். ஏஎம்டி அந்த டிரைவரைத் திரும்பப் பெற்றது, பாதிக்கப்பட்டவர்களைக் கண்டுபிடித்துப் பேனை நீக்க வால்வ் வேலை செய்தது.

இரண்டு தடவையும் பேன் போனது, தவறு ஒரு கூட்டத்துக்கே நடந்தது என்று தெரிந்ததால். ஆகவே வேக் பேன் வந்து, நீங்கள் நிஜமாகவே எதுவும் செய்யவில்லை என்றால், உங்கள் டிரைவர் பதிப்பு, விண்டோஸ் பதிப்பு, பின்னால் ஓடிய சாஃப்ட்வேர், கடைசி மேட்ச்சின் தேதியும் நேரமும், இவற்றை எழுதி, அதே சமயத்தில் அதே மாதிரி மற்றவர்களும் மாட்டியிருக்கிறார்களா என்று தேடுங்கள். பொதுவான ஒரு காரணம் கிடைத்தால் அதுதான் உங்கள் மிகப் பெரிய பலம்.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸில் 2023 ஆகஸ்ட் முதல் ஸ்ட்ரைக் முறை, அதாவது விதியை மீறினால் கணக்கில் ஏறும் புள்ளிகள்: மொத்தம் எட்டு, ஒவ்வொன்றும் ஆறு மாதம் கணக்கில் இருக்கும், எட்டும் சேர்ந்தால் ஒரு வருஷம் வெளியே. ஒவ்வொரு ஸ்ட்ரைக்குக்கும் தனியாக மறுபரிசீலனை கேட்கலாம், அதனால் சின்ன ஸ்ட்ரைக்தானே என்று விட்டுவிடாதீர்கள். வேலரன்ட் என்ற கேமில் வான் 152 என்ற பிழை வந்தால் தடை உங்கள் கணினிக்கே வந்திருக்கிறது, முன்பு வைத்திருந்தவரால் வந்த தடையாகவும் இருக்கலாம், ஆகவே பழைய கணினி வாங்கியவர்கள் வாங்கிய பில்லை இணைத்து எழுத வேண்டும். கேமையே அரசு முடக்கியிருந்தால், 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைலுக்கும் 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயருக்கும் இந்தியாவில் நடந்த மாதிரி, அதற்குத் தனிநபர் அப்பீல் கிடையாது.

சரி, எதை ஆதாரமாகக் கொடுப்பது? ஐடி திருடு போய், திருடியவன் ஹேக் (ஏமாற்று சாஃப்ட்வேர்) போட்டு விளையாடியதால் பேன் என்றால் உங்கள் நிலை கொஞ்சம் பலமானது. புதிய இடத்திலிருந்து லாகின் ஆனதாக வந்த மெயில், பாஸ்வேர்ட் மாறிய நேரம், நீங்கள் அப்போது எங்கே இருந்தீர்கள், ஐடி உங்களுடையதுதான் என்று காட்ட முதன்முதலில் வாங்கிய பொருளின் ரசீது, அக்கவுன்ட் தொடங்கிய மெயில் முகவரி, இதெல்லாம் வேண்டும். எழுதுவதற்கு முன்பே வைரஸ் ஸ்கேன் செய்து, பாஸ்வேர்டை மாற்றி, இரண்டடுக்குப் பாதுகாப்பையும் போட்டுவிடுங்கள். போட்டேன் என்பதைக் கடிதத்தில் ஒரு வரியாகச் சொல்லுங்கள், படிப்பவருக்கு அது முக்கியம்.

"தம்பி விளையாடினான், எனக்குத் தெரியாது" என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஐடியில் நடப்பதற்கெல்லாம் அதன் உரிமையாளரே பொறுப்பு என்று பெரும்பாலும் விதியிலேயே இருக்கிறது. ஸ்டீம் ஃபேமிலியில் உங்கள் கேமை வீட்டில் இன்னொருவர் எடுத்து ஹேக் போட்டால் அந்த கேமில் உங்களுக்கும் சேர்த்துத் தடை விழும். அதனால் இதை நம்பி அப்பீல் எழுதுவதில் பயனில்லை.

நிஜமாகவே ஹேக் போட்டிருந்தால் பொய் சொல்லி எழுதாதீர்கள். அவர்களிடம் என்னென்ன பதிவுகள் இருக்கின்றன என்று நமக்குத் தெரியாது, எப்படிப் பிடித்தோம் என்றும் சொல்ல மாட்டார்கள், சொன்னால் ஹேக் விற்பவர்கள் அதையும் தாண்டிவிடுவார்கள். சாட்டில் கெட்ட வார்த்தை பேசியதற்கான பேன் என்றால் விஷயம் வேறு, செய்ததை ஒப்புக்கொண்டு இரண்டு வரியில் மன்னிப்புக் கேட்பது, "எதிராளிதான் முதலில் ஆரம்பித்தான்" என்று ஒரு பக்கம் எழுதுவதைவிட எவ்வளவோ மேல்.

கடிதம் சின்னதாக இருக்கட்டும். எளிய ஆங்கிலத்தில் எழுதுங்கள், இலக்கணம் தடுமாறினாலும் பரவாயில்லை, விஷயம் இந்த வரிசையில் வந்தால் போதும்:

"என் ஐடி இது, பேன் வந்த தேதி இது, அறிவிப்பில் இருந்த காரணம் இது. நான் எந்த ஏமாற்று சாஃப்ட்வேரும் பயன்படுத்தவில்லை. அன்று என் கணினியில் ஓடியவை இவை, அவற்றில் மவுஸ் மேக்ரோ சாஃப்ட்வேர் (ஒரே கிளிக்கில் பல கட்டளைகளைத் தானாகச் செய்வது) ஒன்று உண்டு, அது இந்தத் தடைக்குக் காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். இப்போது அதை நீக்கிவிட்டேன். பட்டியலும் ஸ்கிரீன்ஷாட்டும் இணைத்திருக்கிறேன். இதை எந்திரம் அல்லாமல் ஒரு மனிதர் பரிசீலித்து, தவறு என்றால் நீக்கித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்."

இவ்வளவுதான். எத்தனை ஆயிரம் செலவு செய்தேன், கோர்ட்டுக்குப் போவேன், ட்விட்டரில் நாறடிப்பேன் என்பதையெல்லாம் சேர்க்காதீர்கள். ஒரே விஷயத்துக்கு நாலு டிக்கெட்டும் (சப்போர்ட்டில் பதியும் புகார்) போடாதீர்கள், சில இடங்களில் ஒரு பேனுக்கு ஒரே ஒரு அப்பீல்தான், அரைகுறையாக எழுதி அனுப்பினால் அதோடு முடிந்தது. எந்திரம் அனுப்பிய மாதிரி ஒரு பதில் வந்தால், அதே டிக்கெட்டில் ஒரு தடவை, புதிதாக ஒரு தகவலோடு பதில் எழுதுங்கள். சொன்னதையே திரும்பச் சொல்வதால் எதுவும் மாறாது.

காத்திருக்கும் இந்த நாட்களில்தான் மோசடிக்காரர்கள் வருவார்கள், இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். "காசு கொடு, பேனை எடுத்துத் தருகிறேன்" என்பவன் யாராக இருந்தாலும் திருடன். கேம் விளையாடுபவர்கள் பேசிக்கொள்ளும் டிஸ்கார்ட் செயலியில் ஒருவன் வந்து "தெரியாமல் உன் ஐடியை ரிப்போர்ட் செய்துவிட்டேன், இந்த ஸ்டீம் ஊழியரிடம் பேசு" என்று சொல்வான், அந்த ஊழியரும் அவன் ஆள்தான், ஸ்கின்னையும் பாஸ்வேர்டையும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஸ்டீம் ஊழியர்கள் சாட்டிலோ டிஸ்கார்டிலோ உங்களிடம் வரவே மாட்டார்கள், பேச்செல்லாம் சப்போர்ட் பக்கத்து டிக்கெட்டில் மட்டும்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இதில் விழுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. வீட்டில் சின்னவர்கள் விளையாடினால் இந்த ஒரு பத்தியையாவது அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

கம்பெனி முடியாது என்று சொன்ன பிறகும் இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு படி மிச்சம் இருக்கிறது, பலருக்கு அது தெரிவதில்லை. 2021 ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி இணைய இடைநிலை நிறுவனங்கள் (பயனர்கள் போடும் விஷயங்களைத் தாங்கி நிற்கும் தளங்கள்) குறைதீர் அதிகாரி ஒருவரை வைத்து, அவர் பெயரையும் தொடர்பையும் தளத்தில் போட வேண்டும், வந்த புகாருக்குக் கெடுவுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தனியுரிமைக் கொள்கை அல்லது பயன்பாட்டு விதிகள் பக்கத்தின் அடியில் தேடுங்கள். சாதாரண சப்போர்ட் டிக்கெட் எண்ணைக் குறிப்பிட்டு அவருக்கு எழுதுங்கள். அவர் முடிவும் சரியில்லை என்றால், 30 நாட்களுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம் இணையத்திலேயே மனு போடலாம், 2023 முதல் அது இயங்குகிறது. வாங்கிய பொருளுக்கான பணம்தான் பிரச்சினை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பாரிஸ், பெர்லின், லண்டன் பக்கம் இருப்பவர்கள் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், தங்களைப் பற்றி அந்தக் கம்பெனி வைத்திருக்கும் விவரங்களின் நகலைக் கேட்கலாம், வழக்கமாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். ஹேக்கை எப்படிப் பிடித்தார்கள் என்ற பகுதியை மறைத்துத்தான் தருவார்கள், ஆனாலும் லாகின் நேரமும் இடமும் அதில் இருந்தால் ஐடி திருட்டை நிரூபிக்க அது உதவும்.