பாக் நீரிணை மீனவர் பிரச்சினையில் ஆய்வா? நேர்காணலுக்கு முன் இதைக் கவனியுங்கள்

அமைதி, மோதல் ஆய்வில் முனைவர் பட்டத்துக்காக ராமேஸ்வரம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் களப்பணிக்கு வருபவர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தைத் தேர்ந்தெடுங்கள். விசைப்படகுகள் கரையில் நிற்கும். ஆட்கள் நிதானமாகப் பேசுவார்கள். மற்ற மாதங்களில் படகு கரை திரும்பும் காலையில் போய் நிற்காதீர்கள். மீன் இறக்கும் அவசரத்தில் ஒற்றை வரிப் பதில்தான் கிடைக்கும்.

விசைப்படகுக்காரரையும் நாட்டுப்படகுக்காரரையும் ஒன்றாக உட்கார வைத்துக் கேட்காதீர்கள். இழுவைமடி (விசைப்படகு கடலடியில் இழுத்துச் செல்லும் வலை) பற்றி இருவர் பேச்சும் வேறு. சேர்ந்திருந்தால் ஒரு தரப்பு வாயே திறக்காது. முதல் கேள்வியே கச்சத்தீவு வேண்டாம், அதற்கு மேடைப்பேச்சுதான் பதிலாக வரும். வலை, டீசல் செலவு, கடைசியாகக் கிடைத்த பாடு (பிடித்த மீன்) என்று தொடங்குங்கள். இலங்கைக் கடல் எல்லை தாண்டிய கதை தானாக வரும்.

மிக முக்கியம்: ஆய்வாளர்கள் மீனவரின் பெயரை மாற்றிவிட்டு, படத்தில் படகின் பதிவெண் தெரிய விட்டுவிடுகிறார்கள். அந்த எண்ணே ஆளைக் காட்டிக்கொடுக்கும். வழக்கு இருப்பவருக்கு ஆபத்து. எண்ணை மறையுங்கள், படக்கோப்பில் பதிந்திருக்கும் இடக்குறிப்பையும் நீக்குங்கள். இலங்கைத் தமிழ் அகதிகள் தங்கியுள்ள மண்டபம் முகாமுக்குள் போக முன்கூட்டியே எழுத்துமூல அனுமதி வாங்குங்கள்.