போலி ஓவியத் திரில்லர்: ஆய்வகத்தை நம்பிக் கெட்ட கதைகள்

திரில்லர் எழுதத் தொடங்குபவர்களின் கைப்பிரதிகள் என்னிடம் அடிக்கடி வரும். அதில் சந்தேகத்துக்குரிய ஓவியத்தை நடுவில் வைத்த கதைகள் இப்போது நிறைய. எழுத்துப்பிழை, நீண்ட அத்தியாயம் எல்லாம் போகப்போகச் சரியாகிவிடும், அதை விடுங்கள். இந்தக் கதைகளில் திரும்பத் திரும்ப வரும் தவறுகளைத்தான் கீழே ஒவ்வொரு தலைப்பாக வைத்திருக்கிறேன்.

கடைசி அத்தியாயத்தில் வரும் ஆய்வக அறிக்கை

புத்தகம் முழுக்க இழுத்துப்பிடித்த சந்தேகத்தை, வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் வந்து "இது அசல்தான்" என்று ஒரே வரியில் முடித்துவைப்பார். எரிச்சலாக வருகிறது. ஓவியத்தின் நிறமியை, அதாவது சாயத்துக்கு நிறம் தரும் பொருளைச் சோதிப்பவரால் 'இது அந்தக் காலத்தது இல்லை' என்று சொல்ல முடியும். 'இன்னார்தான் வரைந்தார்' என்று சொல்ல முடியாது.

போலி ஓவியங்கள் வரைந்து விற்ற ஜெர்மனியின் வோல்ஃப்காங் பெல்ட்ராக்கியைப் பாருங்கள். காம்பென்டோங்க் என்ற ஜெர்மன் ஓவியர் 1914-இல் வரைந்ததாகச் சொல்லப்பட்ட, பெல்ட்ராக்கியின் போலி ஒன்று 2006-இல் 28 லட்சம் யூரோவுக்கு மேல் ஏலம் போனது. அதில் டைட்டானியம் வெள்ளை என்ற நிறமி இருந்தது. 1914-இல் அந்த வெள்ளை ஓவியர்கள் கைக்கே வரவில்லை. 2011-இல் ஆறாண்டு சிறைத் தண்டனை. சரி, ஆனால் அது முடிவு மட்டும்தான். கதை இருப்பது, மனைவியின் தாத்தா சேர்த்துவைத்த ஓவியங்கள் என்று அளந்த பொய்யில், நாஜிகளுக்கு அஞ்சி நாட்டைவிட்டு ஓடிய ஃப்ளெஹ்ட்ஹைம் என்ற உண்மையான வணிகரின் பெயரில் போலிச் சீட்டு ஒட்டியதில், மனைவியையே அவருடைய பாட்டி போல உட்காரவைத்துப் பின்னால் போலிகளை மாட்டிக் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்ததில்.

பிரிட்டனில் ஜான் மையட் வரைந்த போலிகளில் இருந்தது வீட்டுச் சுவருக்கு அடிக்கும் எமல்ஷன். சோதித்தால் அன்றே குட்டு உடைந்திருக்கும். ஆனால் கூட்டாளி ஜான் ட்ரூ, லண்டன் டேட் அருங்காட்சியகத்தின் ஆவணக் காப்பகத்துக்குள்ளேயே போலிக் காகிதங்களைச் செருகிவைத்திருந்தார். காகிதத்தைப் பார்த்தவர்கள் சாயத்தைப் பார்க்கவில்லை.

அதனால் அறிக்கையை நடுப்பகுதிக்குக் கொண்டுவாருங்கள், அதுவும் 'உறுதியாகச் சொல்ல இயலாது' என்றே வரட்டும். அப்புறம்தான் விற்றவர், வாங்கியவர், சான்று கொடுத்த நிபுணர் மூவருக்கும் வியர்க்கும்.

பொய் சொல்லும் ஏலக்காரர்

அவர் பொய்யே சொல்ல வேண்டாம், கேள்வி கேட்காமல் இருந்தால் போதும்.

முதல் பக்கத்திலேயே நூறு கோடி

'சல்வடோர் முண்டி' என்ற ஓவியம் 1958-இல் விற்றது 45 பவுண்டுக்கு. 2017-இல் 45 கோடி டாலர். இடையில் அதைச் சுத்தம் செய்து பழுதுபார்த்தார்கள், லியனார்டோ டா வின்சி பெயரும் சேர்ந்தது. முழுக்க அவர் வரைந்ததுதானா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. விலை ஏறும்போது யார் யார் வாயை மூடிக்கொள்கிறார்கள் என்று எழுதுங்கள்.

ரகசியச் சங்கம்

வேண்டாம்.

நள்ளிரவுத் திருட்டு

சுவிட்சர்லாந்தின் ஜெனிவா ஃப்ரீபோர்ட் என்ற வரியில்லாக் கிடங்கில் வரி கட்டாமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் ஓவியத்தை யார் திருட வேண்டும்? பெட்டியைத் திறக்காமலேயே உரிமையாளர் மாறிவிடலாம்.