கலியாண வீட்டுக்குப் போகேக்க தலைக்கு என்ன வைக்கிறது? வன்னிப் பக்கத்து ஆக்களுக்கு

சாறி எடுக்க வவுனியா ரவுணுக்கு மூண்டு தரம் போய் வருவம், பிளவுஸ் தைக்கிற ஆளோட ஒரு கிழமை மல்லுக்கட்டுவம், ஆனா தலைக்கு என்ன வைக்கிறது எண்டு வெளிக்கிடுற அண்டு விடியத்தான் யோசிப்பம். அந்த நேரத்தில கண்ணாடிக்கு முன்னால நிண்டு அந்தரப்பட்டு, கையில அம்பிட்டதைக் குத்திக்கொண்டு ஓடினா, தாலி கட்டுற நேரம் பூ ஒரு பக்கம் கிளிப் ஒரு பக்கமாத் தொங்கும். முதல் நாள் பின்னேரமே இதுக்கு ஒரு அரை மணித்தியாலம் ஒதுக்குங்கோ.

முதல்ல யோசிக்க வேண்டியது நீங்கள் எதில போறீங்கள் எண்டது. எங்கட பக்கம் கனபேர் மோட்டச்சைக்கிளிலதான் கலியாணத்துக்குப் போறது, முல்லைத்தீவில இருந்து மாங்குளத்துக்கு வாறதெண்டாலே 50 கிலோமீற்றர் கிட்ட வரும், ஓடுற ஆளும் பின்னுக்கு இருக்கிற ஆளும் ஹெல்மெற் போடத்தான் வேணும். பூ நசியுது எண்டு ஹெல்மெற்றை மடியில வைச்சுக்கொண்டு போற பிள்ளையளைக் காணேக்க எனக்கு நெஞ்சு பதறும். தயவுசெய்து அப்பிடிச் செய்யாதேங்கோ. முந்தானையையும் இழுத்துச் செருகிக்கொண்டு ஏறுங்கோ, சில்லுக்க போனா ஆளையே இழுத்து விழுத்திப்போடும்.

நான் செய்யிறதைச் சொல்லுறன். வீட்டில தலையை இழுத்துக் கழுத்துக்குக் கிட்டவாத் தாழப் பின்னுவன், இல்லாட்டி தாழக் கொண்டை போடுவன். உச்சியில கொண்டை போட்டா ஹெல்மெற் இறங்காது, இறங்கினாலும் கழட்டேக்க கொண்டையும் சேர்ந்து வரும். பூவை வீட்டிலயே தலையில வைக்க மாட்டன். மூடி உள்ள சாப்பாட்டுப் பெட்டிக்குள்ள ஈர வாழையிலைத் துண்டு ஒண்டை விரிச்சு, சரத்தை நசியாமல் வட்டமாச் சுத்தி வைச்சு, மேலால இன்னொரு இலைத் துண்டை மூடி, அதோட தலைமுடிக்குக் குத்துற அஞ்சாறு சிலைட்டும் ரெண்டு கொண்டை ஊசியும் ஒரு சின்னச் சீப்பும் போட்டு ஒரு பையுக்க கொண்டு போவன். மண்டபத்துக்குப் போய் முகத்தில கிடக்கிற கிரவல் புழுதியைத் துடைச்சுப்போட்டு, தெரிஞ்ச ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு வைப்பிச்சா ரெண்டு நிமிசத்து வேலை. சரத்தின்ர ரெண்டு நுனியிலயும் சிலைட் குத்தினாக் காணாது, நடுவிலயும் ஒண்டு வேணும், அதுவும் ரெண்டு சிலைட்டைக் குறுக்க மறுக்கக் குத்தினாத்தான் சரம் அசையாமல் நிக்கும். ஆனி ஆடியில தொடங்கி ஆவணிக்கும் சோளகக் காத்து அடிச்சுக்கொண்டுதான் கிடக்கும், அந்த நாளில கலியாணம் எண்டா முடியை விரிச்சு விடுற எண்ணத்தை விட்டிடுங்கோ. அரை மணித்தியாலத்தில சிக்குப் பிடிச்சுப்போடும்.

எந்தப் பூ எண்டு கேட்டா நான் முல்லையும் மல்லிகையும்தான் சொல்லுவன். ஆனா ரெண்டும் பின்னேரத்தில விரியிற பூ. விடியக் காலமை முகூர்த்தத்துக்கு முதல் நாள் விரிஞ்ச சரத்தை வாங்கினா மற்ற நாள் மணவறைக்கு முன்னால உங்கட பூ மண்ணிறமாக் கிடக்கும். மொட்டாக் கட்டின சரத்தை வாங்கி, ஈரத்துணியில சுத்திப் பிறிச்சில கீழ்த்தட்டில வையுங்கோ, ஐஸ் பெட்டிக்குள்ள மட்டும் வேண்டாம், கறுத்துப்போடும். மாரி முடிஞ்சு தையில வாற கலியாணங்களுக்கு மல்லிகை கிடைக்கிறது கஷ்டம், கிடைச்சாலும் விலை. அப்ப கனகாம்பரத்தை நம்பலாம், மணம் இல்லைத்தான், ஆனா பாரமில்லை, கெதியா வாடாது, பச்சைச் சாறிக்கும் மஞ்சள் சாறிக்கும் அவ்வளவு வடிவு. துணிப்பூ வைக்கிறதும் பிழையில்லை, வெள்ளையா மல்லிகை மாதிரிச் செய்தது இப்ப நல்லாவே வருது, ஆனா அதில வாசம் அடிச்சுக்கொண்டு போகாதேங்கோ, வேர்வையோட சேர்ந்தாத் தலையிடி வரும்.

பூ எதுவெண்டாலும் கலியாணப் பொம்பிளையின்ர தலையை விட உங்கட தலை எடுப்பாத் தெரியக்கூடாது. நெத்திச்சுட்டி, சூரியப்பிறை சந்திரப்பிறை, சடை முழுக்க மூடிற மாதிரி அலங்காரம், உதெல்லாம் அண்டைக்கு அவளுக்கு. மாப்பிள்ளையின்ர தங்கச்சிக்கு ஆசையா இருக்கும், எண்டாலும் ஒரு சரமும் ஒரு நல்ல கிளிப்பும் காணும். 2010ல மீள்குடியேறி வந்த புதுசில, தகரக் கொட்டிலுக்க நடந்த ஒரு கலியாணத்துக்கு நாங்கள் அஞ்சாறு பேர் வேலியில நிண்ட நந்தியாவட்டையைப் பிடுங்கி வாழைநாரில கட்டி வைச்சுக்கொண்டு போனனாங்கள், பொம்பிளைக்கு மட்டும் எங்கயோ தேடி ஒரு முழம் மல்லிகை எடுத்தது. இண்டைக்கும் அந்தப் படத்தைப் பாக்கேக்க அவள்தான் பளிச்செண்டு நிக்கிறாள், எனக்கு அது சந்தோசம்.

ஆம்பிளையளுக்குச் சுருக்கமாச் சொல்லலாம். சைவக் கலியாணத்தில தலைப்பா மாப்பிள்ளைக்கும் தோழனுக்கும்தான். தோழன் வாசலில மாப்பிள்ளைக்குக் கால் கழுவி மோதிரம் வாங்கி, கையைப் பிடிச்சு மணவறைக்குக் கூட்டிக்கொண்டு போறவர், அவருக்கு அது முறை. விருந்தாளி தலைப்பா கட்டிறதும் இல்லை, மாப்பிள்ளை கழட்டி வைச்சதை எடுத்துப் போட்டுப் படம் எடுக்கிறதும் வேண்டாம். வயலால வாற அப்பாமார் தலையில துவாய் கட்டியிருப்பினம், பந்தலுக்க வரேக்க தாங்களாவே அவிட்டுத் தோளில போடுவினம், இளம் பெடியள் தொப்பியோட நிக்கேக்க அதைப் பாத்துப் பழகோணும். கலியாணம் கோயிலில எண்டா சேட்டே கழட்டித்தான் உள்ள போறது, தொப்பி பற்றிக் கேக்கவே தேவையில்லை. வெயிலுக்குப் பனையோலைத் தொப்பி போட்டுக்கொண்டு வாங்கோ, நல்ல விசயம், வாசலோட கழட்டுங்கோ.

மன்னார்ப் பக்கம் வேதக்காரரின்ர, அதாவது கிறிஸ்தவ ஆக்களின்ர, கலியாணத்துக்குப் போறதெண்டா ஆம்பிளையள் கோயிலுக்க தலையை மூடக்கூடாது. பொம்பிளையள் மூட வேணும் எண்டு கத்தோலிக்கத் திருச்சபையின்ர 1917ம் ஆண்டுச் சட்டத்தில இருந்தது, 1983ல வந்த புதுச் சட்டத்தில அது இல்லை. ஆனாலும் வயசான அம்மாமார் இண்டைக்கும் முக்காடு போட்டுத்தான் பூசைக்கு இருப்பினம், அவைக்குப் பக்கத்தில இருந்தா முந்தானையை எடுத்துத் தலையில போடுங்கோ, அது ஒரு மரியாதை. முஸ்லிம் ஆக்களின்ர நிக்காஹ் எண்டா பையுக்க ஒரு மெல்லிய சால்வை கொண்டு போங்கோ, துஆ ஓதேக்க போட்டுக்கொள்ளலாம். ஆம்பிளையளுக்குத் தொப்பி வேணுமோ எண்டு சொல்லி அழைச்ச ஆக்களிட்டயே கேளுங்கோ, கேட்டா ஆரும் குறை நினைக்க மாட்டினம், சந்தோசப்படுவினம்.

வெளிநாட்டில இருந்து வாற பிள்ளையளுக்கும் ஒண்டு. லண்டனில சேர்ச் கலியாணத்துக்குப் பொம்பிளையள் வடிவான தொப்பி போட்டுக்கொண்டு போவினம், அது அங்கத்தைய முறை. இஞ்ச மண்டபத்தில அதைப் போட்டா பின்னுக்கு இருக்கிற அம்மம்மாவுக்குத் தாலி கட்டிறது தெரியாது. சின்னப் பிள்ளையளின்ர தலையில இறுக்கமான லாஸ்ரிக் பட்டி போடாதேங்கோ, இந்த வெக்கைக்குச் சிவந்து தடிச்சு, சாப்பாடு வரமுதலே அழத் தொடங்கிடுங்கள்.

இனிச் சொல்லப்போறதுதான் எனக்குப் பெரிய விசயம். எங்கட வன்னியில புருசனைப் பறிகுடுத்த பொம்பிளையள் இல்லாத கலியாண வீடு இல்லை. வாசலில பன்னீர், சந்தனம், கற்கண்டு, பூ எண்டு தட்டத்தோட நிக்கிற பிள்ளை எல்லாருக்கும் பூவை நீட்டிப்போட்டு, என்ர சித்தி வரேக்க தட்டத்தைக் கொஞ்சம் திருப்பிக் கற்கண்டுப் பக்கத்தைக் காட்டினதை நான் என்ர கண்ணால கண்டனான். அந்தப் பிள்ளையில பிழையில்லை, ஆரோ சொல்லிக் குடுத்தது. சித்தி ஒண்டும் பேசாமல் ஒரு கற்கண்டை எடுத்துக்கொண்டு வந்து பின் வரிசையில இருந்தவ. பேந்து ஒரு வருசத்தால இன்னொரு கலியாணத்தில பொம்பிளையின்ர தாயே ஒரு துண்டுச் சரத்தோட வந்து, "அக்கா, பூ வைக்கட்டே?" எண்டு கேட்டவ. சித்தி கொஞ்ச நேரம் பேசாமல் நிண்டுபோட்டுத் தலையைத் திருப்பிக் குடுத்தா. வீட்டுக்கு வாற வழி முழுக்கக் கை பின்னுக்குப் போய்த் தடவிப் பாத்துக்கொண்டே இருந்தது.

அதால தட்டத்தோட நிக்க உங்களை விட்டா, வாற எல்லாருக்கும் ஒரே மாதிரி நீட்டுங்கோ. வேண்டாம் எண்டு சொல்லுற ஆக்களை வற்புறுத்தாதேங்கோ, அது அவையின்ர விருப்பம். சரத்தை ஒரு சாண் அளவில முதலே வெட்டி, ஒவ்வொண்டுக்கும் ஒரு சிலைட்டும் பக்கத்தில வையுங்கோ, குத்த ஊசியில்லாமல் பூவைக் கையில வைச்சுக்கொண்டு நிக்கிற ஆக்கள் ஒவ்வொரு கலியாணத்திலயும் இருக்கினம்.