வலிப்பு உள்ளவரின் கவனம் சிதறும்போது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வலிப்பு உள்ள பெரியவர்கள் பலருக்குக் கவனம் ஓரிடத்தில் நிற்பதில்லை. கடைக் கணக்கில் எண் தவறும், கதைத்துக்கொண்டிருந்தது பாதியில் மறந்துபோகும். பஞ்சி, பராக்கு என்று வீட்டார் ஏசுவதுதான் முதல் தவறு.

ஏனென்றால் சிலவேளை அதுவே வலிப்பாக இருக்கலாம். எல்லா வலிப்பிலும் ஆள் விழுந்து வெட்டி இழுப்பதில்லை. பராக்கில் இருப்பவர் தோளைத் தொட்டால் திரும்புவார். வலிப்பில் இருப்பவர் வெறித்துப் பார்த்தபடி இருப்பார். வாயைச் சப்பலாம், சாரத்தின் நுனியைப் பிசையலாம், பிறகு கேட்டால் ஞாபகம் இராது. அதை போனில் வீடியோ எடுத்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை கிளினிக்கில் காட்டுங்கள். வாயால் சொல்வதைவிட அது டொக்டருக்கு உதவும். (கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் எந்த வலிப்பும் நிற்காது. அதை விட்டுவிடுங்கள்.)

அடுத்தது, குளிசைதான் மந்தமாக்குகிறது என்று தாங்களாகவே நிறுத்துவது. சந்தேகம் நியாயமானதுதான். பினோபார்பிட்டோன், டோபிராமேட் போன்றவை சிலருக்கு யோசனையை மந்தப்படுத்தும். இரண்டு மூன்று மருந்துகள் சேர்ந்தால் இன்னும் கூடும். ஆனால் திடீரென்று நிறுத்தினால் விடாமல் தொடரும் வலிப்பு வரலாம், அது உயிருக்கே ஆபத்து. எந்த மருந்து மாற்றத்துக்குப் பிறகு மந்தம் தொடங்கியது, குளிசை போட்டு எவ்வளவு நேரத்தில் கூடுகிறது என்று எழுதிக்கொண்டு போங்கள். அளவைக் குறைக்கவோ லமோட்ரிஜின் போன்ற வேறொன்றுக்கு மாற்றவோ வழி இருக்கலாம்.

நித்திரையைப் பெரிதாக எடுக்காததும் தவறு. நல்லூர்த் திருவிழா 25 நாளும் இரவில் பிந்திப் படுத்து விடியமுன் எழும்பினால் கவனமும் கெடும், வலிப்பும் எட்டிப் பார்க்கும். கந்தசஷ்டி விரதத்திலும் குளிசையைத் தவறவிடக் கூடாது. ஒரு மிடறு தண்ணீருக்கு முருகன் கோபிக்க மாட்டார். சாப்பிடாமல் குளிசை போடலாமா என்று மட்டும் முன்கூட்டியே டொக்டரிடம் கேளுங்கள்.

மனச்சோர்வும் பதற்றமும் கவனத்தைத் தின்னும். கிளினிக்கில் "வலிப்பு வரவில்லை" என்பதோடு கதையை முடித்துக்கொள்வதால் இவை வெளியே வருவதே இல்லை.

கடைசியாக ஒன்று. சின்ன வயதிலிருந்தே கவனக்குறைவும் துடிதுடிப்பும் இருந்தவர்கள், அதற்கான மருந்து வலிப்பைக் கிளப்பிவிடும் என்று பயந்து வாய் திறப்பதில்லை. வலிப்பு நன்றாகக் கட்டுப்பட்டிருப்பவர்களுக்கு அந்த மருந்துகளில் ஒன்றான மெத்தில்பெனிடேட்டை வைத்திய மேற்பார்வையில் கொடுப்பதுண்டு. ஆகவே அதையும் கேட்டுப் பாருங்கள்.