யாழ் நகரில் ஓவியர் நடை: நிழலைப் பார்த்துப் பாதை போடுங்கள்

ஓவியர், படம் எடுப்பவர், கவிதை எழுதுபவர் என்று பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஊரைப் பார்த்து வரைய வெளிக்கிடும்போது வழக்கமாக நடக்கும் பிழை, பாதையை நீட்டிவிடுவது. நல்லூர், மந்திரிமனை, கோட்டை, குருநகர்க் கரை எல்லாவற்றையும் ஒரே காலையில் அடைத்தால் கால் நோவதுதான் மிச்சம், தாளில் ஒன்றும் இராது. மூன்று மணித்தியாலத்துக்கு இரண்டு இடம், மிஞ்சினால் மூன்று.

முதல் நடைக்கு மணிக்கூட்டுக் கோபுரம், பொது நூலகம், கோட்டை என்ற வரிசை தோதானது. மூன்றும் கிட்டக் கிட்ட இருப்பதால் நடை குறைவு, வரைய நேரம் கூட. ஒரு கிழமைக்கு முன் அதே நேரத்தில் போய், நிழல் எங்கே விழுகிறது, அதில் எத்தனை பேர் இருக்கலாம் என்று குறித்து வாருங்கள். காட்சி எவ்வளவு அழகென்றாலும் நிழல் இல்லாவிட்டால் அந்த இடத்தை விட்டுவிடலாம். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய நாட்களில் நடுப்பகல் வெயில் உச்சந்தலைக்கு நேரே நிற்கும், மதிலோரத்தில்கூட ஒதுங்க முடியாது. காலமை 6.30க்குத் தொடங்கி 9.30க்கு முடியுங்கள். மாசி, பங்குனி நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் மழை வராவிட்டாலும் ஈரக் காற்றில் நீர்வர்ணம் காயாது. ஆனி, ஆடியில் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று கோட்டை மதிலில் தாளைப் பிடுங்கிக்கொண்டு போகும், ஆளுக்கு இரண்டு கிளிப் கட்டாயம்.

நூலகம் மாநகரசபையின் பொறுப்பு, கோட்டை தொல்லியல் திணைக்களத்தின் பொறுப்பு. கூட்டமாக உட்கார்ந்து வரைவதற்கு இரண்டு இடத்துக்கும் முன்கூட்டியே கடிதம் கொடுப்பது நல்லது. வழியில் இராணுவ முகாமோ காவலரணோ இருந்தால் அதைப் படம் எடுக்கவோ வரையவோ வேண்டாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

15 பேருக்கு மேல் சேர்ந்தால் இரண்டு குழுவாகப் பிரியுங்கள். முன்னால் ஒருவர் வழிகாட்ட, கடைசியில் ஒருவர் ஆள் எண்ணிக்கொண்டு வரவேண்டும். இந்தக் கடைசி ஆள்தான் முக்கியம், வரைகிறவர்கள் பின்தங்கத்தான் செய்வார்கள். படம் எடுப்பவர் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு அடுத்த இடத்துக்கு அவசரப்படுவார், ஓவியருக்கோ அரை மணித்தியாலம் வேண்டும். நேரத்தை ஓவியரை வைத்தே வையுங்கள்: ஓர் இடத்துக்கு 40 நிமிடம். மற்றவர்களுக்கு வேலை கொடுங்கள். எழுதுகிறவர் கண்ணை மூடிக்கொண்டு காதில் விழுவதை மட்டும் ஐந்து வரியில் எழுதட்டும், கமரா வைத்திருப்பவர் பத்தே படம் எடுக்கட்டும்.

சாமான் குறைவாக இருக்கட்டும். சதுர மீற்றருக்கு 200 கிராமுக்குக் குறையாத தடிப்புத் தாளில் ஏ5 அளவுக் கொப்பி, 2பி பென்சில், தண்ணீரில் கரையாத மைப்பேனை, சின்ன வர்ணப் பெட்டி, வியர்த்த கைக்கடியில் வைக்க ஒரு லேஞ்சி. தண்ணீர் குடிக்க ஒரு போத்தல், தூரிகை கழுவ வேறொன்று. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூட, சில நிறங்கள் அதில் மணல்போலத் திரண்டு நிற்கும். காய்ச்சி வடித்த தண்ணீர் இருந்தால் நல்லது. கழுவிய தண்ணீரைப் போத்தலிலேயே திரும்பக் கொண்டுவாருங்கள்.

மணிக்கூட்டுக் கோபுரம் 1875இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்ததன் நினைவாக எழுந்தது. புதியவர்கள் மணிக்கூட்டு முகத்தில் தொடங்கிக் கீழே வருவார்கள், அடித்தளம் வரும்போது தாள் முடிந்துவிடும். உச்சிக்கும் அடிக்கும் முதலில் இரண்டு கோடு போட்டு, இடைப்பட்டதைப் பாதியாகப் பிரித்துக்கொண்டு தொடங்கினால் அந்தத் தொல்லை இல்லை. 1981இல் எரிக்கப்பட்டு மீண்டும் எழுந்த நூலகம் வெள்ளைக் கட்டடம். அதற்கு வெள்ளை வர்ணம் பூசாதீர்கள், தாளை அப்படியே விட்டுப் பின்னாலுள்ள வானத்தைப் பூசுங்கள், கட்டடம் தானே வெளியே வரும். நிழற்பக்கத்துக்கு மெல்லிய நீலம் போதும், கறுப்பு கலந்தால் அழுக்குச் சுவராகிவிடும்.

கோட்டையில் முழுக் கொத்தளத்தையும் பிடிக்கப் போனால் 40 நிமிடம் காணாது. மதிலில் ஒரு முழ அகலத்தை மட்டும் எடுங்கள். கிட்டப்போய்ப் பார்த்தால் முருகைக்கல்லில் (கடற்பவளக் கல்) பூப்போன்ற வரி, சிறு துளை, இடுக்கில் முளைத்த புல் எல்லாம் தெரியும். சாம்பல் நிறம் என்று நினைத்துப் பூசாமல், மண்ணிறத்தோடு நீலத்தைக் கலந்து பாருங்கள்.

ஆட்களை வரையும்போது முதலில் கேளுங்கள், வேண்டாம் என்றால் விடுங்கள். பிள்ளைகள் சூழ்ந்துகொள்வார்கள். அவர்களுக்கென்று பத்துத் தாளும் மிச்சப் பென்சில்களும் கொண்டுபோனால் தோளுக்கு மேலால் எட்டிப் பார்ப்பது நின்று, தாங்களே வரையத் தொடங்கிவிடுவார்கள்.

கடைசி அரை மணித்தியாலத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். நிழலில் ஒரு சீலையை விரித்துக் கொப்பிகளை வரிசையாக வையுங்கள், ஆளுக்கு ஒரு நிமிடம். "இந்த இடத்தில் என்ன கஷ்டப்பட்டீர்கள்?" என்ற கேள்வி மட்டும் போதும், திருத்தம் சொல்லத் தொடங்கினால் அடுத்த முறை புதியவர்கள் வரமாட்டார்கள். பிளேன்ரீக்கு ஆளுக்கு இவ்வளவு என்று வெளிக்கிட முன்னரே வாங்கிவிடுங்கள். பிறகு கேட்டால் பாதிப்பேர் பஸ் பிடிக்கப் போயிருப்பார்கள்.