திருக்கடையூரில் மணிவிழா, தரங்கம்பாடியில் தங்கல்: சொந்தபந்தங்களோடு கடற்கரை வீட்டுக்குப் போவது எப்படி?

வீட்டில் யாருக்காவது அறுபதோ எண்பதோ நெருங்கினால் திருக்கடையூர்ப் பேச்சு தானாக வந்துவிடும். பெரும்பாலான குடும்பங்கள் காலையில் கலச அபிஷேகம், மதியம் இலைச் சாப்பாடு, மூன்று மணிக்கு வேன் என்று முடித்துக்கொள்கின்றன. ஒருவருக்கொருவர் "எப்போ வந்தீங்க?" என்று கேட்பதற்கும் "கிளம்பறோம்" என்று சொல்வதற்கும் இடையே பேச நேரமே இருக்காது. கோயிலிலிருந்து சுமார் எட்டு கிலோமீட்டரில் தரங்கம்பாடி இருக்கிறது. அங்கே கடலோரமாக ஒரு வீடெடுத்து இரண்டு ராத்திரி தங்கினால், வீடியோ காலில் மட்டுமே பார்த்த சித்தப்பாவோடும் ஒண்ணுவிட்ட அக்காவோடும் சாவகாசமாக உட்காரலாம். அப்படி ஒரு ஏற்பாட்டை முதல்முறையாகத் தலையில் போட்டுக்கொள்பவருக்காக இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. வீடோ, ரயிலோ, சாப்பாடோ, எந்த முடிவையும் வருபவர்களில் மூத்தவரின் முழங்காலை நினைத்து எடுங்கள். அவருக்கு வசதியான இடம் மற்ற எல்லோருக்கும் வசதியாகத்தான் இருக்கும். இளைஞர்களுக்குப் பிடித்த இடமோ பல நேரம் மாடியில் இருக்கும்.

படி 1: தேதி

சடங்கு நாளைப் பிறந்த தமிழ் மாதமும் நட்சத்திரமும் முடிவு செய்யும். அதில் உங்களுக்குப் பெரிதாக வேலை இல்லை. அதற்கு முந்தைய நாள் தங்குவதா, பிந்தைய நாள் தங்குவதா என்பதுதான் உங்கள் கையில் இருக்கிறது. என் கணக்கில் முந்தைய நாள் மதியமே போய்ச் சேர்வது நல்லது. அபிஷேகம் விடியற்காலையில் தொடங்கும். ராத்திரியெல்லாம் பயணம் செய்து நேரே கோயிலுக்கு வருபவர்கள் மதியச் சாப்பாட்டுக்குள் வாடிவிடுவார்கள்.

அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். நட்சத்திரம் ஐப்பசி, கார்த்திகையில் விழுந்தால், அட்வான்ஸ் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டு வீட்டைப் பிடியுங்கள். தை, மாசி அருமையான நேரம். ஆனால் தை அமாவாசையன்று அபிராமி சன்னிதியில் பெருங்கூட்டம் இருக்கும். மே மாதம் பிள்ளைகளுக்கு லீவு என்பதால் எல்லோரும் வருவார்கள். வெயிலும் வரும், மீனும் குறையும். மீன் விஷயத்தைப் பிறகு சொல்கிறேன்.

படி 2: கூப்பிடுவது

வாட்ஸ்அப் குழுவைத் தொடங்குவதற்கு முன் பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் போன் போட்டுவிடுங்கள், வயது வரிசையில். பெரியப்பா அந்தச் செய்தியைத் தன் பேரன் போனில் பார்த்துத் தெரிந்துகொண்டால், "எங்களை யாரும் முறையா கூப்பிடல" என்ற பேச்சு அடுத்த பத்து வருடம் ஓடும். விழாத் தம்பதியின் பிள்ளைகளே பேசுவது நல்லது. மருமகன் வழி, மருமகள் வழிச் சம்பந்திகளுக்கும் தனித்தனியாகச் சொல்லியாக வேண்டும்.

பேசும்போதே சடங்குக்கு மட்டும் வருபவர், தங்குபவர் என்று இரண்டு பட்டியல் போடுங்கள். "பார்க்கலாம்" என்று சொன்னால் வரமாட்டார்கள் என்று பொருள். "கண்டிப்பா வரோம்" என்பவர்களிலும் சிலர் வரமாட்டார்கள். "எனக்கு முடியலப்பா, நீங்க நடத்துங்க" என்று சொன்ன பெரியம்மாதான் முதல் ஆளாகப் பையோடு வந்து இறங்குவார். அவருக்கு ஒரு கட்டில் ஒதுக்கியே வையுங்கள்.

படி 3: வீடு பார்ப்பது

படங்களில் எல்லாக் கடற்கரை வீடும் அழகாகத்தான் இருக்கும். வீட்டுக்காரரிடம் போனில் கேட்க வேண்டியவை வேறு. தரைத்தளத்தில் எத்தனை படுக்கையறை? அந்த அறையோடு ஒட்டிய வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா? வாசலில் எத்தனை படி, கைப்பிடி உண்டா? மொத்தம் எத்தனை குளியலறை? இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். இருபது பேர் ஒரே காலையில் நான்கு மணிக்குக் குளித்துப் பட்டு உடுத்தியாக வேண்டும். கட்டில் குறைந்தால் பாய் விரித்துக்கொள்ளலாம், குளியலறை குறைந்தால் ஒன்றும் செய்ய முடியாது. ஐந்து பேருக்கு ஒன்றாவது வேண்டும்.

அடுத்தது தண்ணீர். கடலோரத்தில் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பாக இருக்கும். குளிக்கப் பரவாயில்லை, சோறு வடிக்க ஆகாது. சமையலுக்கும் குடிக்கவும் கேன் தண்ணீர் யார் போடுகிறார்கள் என்று கேட்டு, முதல் நாளைக்கே சொல்லிவையுங்கள். கரண்ட் போனால் இன்வெர்ட்டரா, ஜெனரேட்டரா, அதில் ஃபேன் ஓடுமா என்பதையும் கேளுங்கள். சமையலறையைப் பயன்படுத்தலாமா, அசைவம் சமைக்கலாமா என்பதை முன்பே பேசிவிடுங்கள். வந்த பிறகு இது சண்டையில் முடியும்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் உறவினர் தங்குவதாக இருந்தால், வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை இணையத்தில் பதிய வேண்டும். அது தெரிந்த வீட்டுக்காரரா என்று பாருங்கள். கனடா சித்தப்பாவிடம் கடவுச்சீட்டு, விசா நகல்களைக் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

வீடு கோட்டைப் பக்கம் அமைந்தால் மாலை நடைக்கு ரொம்ப வசதி. தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய டேன்ஸ்போர்க் கோட்டை, 1701இல் எழுந்த சீயோன் தேவாலயம், 1718இன் புதிய எருசலேம் தேவாலயம், கடல் அரித்து முன்பக்கம் போன மாசிலாமணிநாதர் கோயில் எல்லாமே ஒரு சின்ன நடைக்குள் அடங்கிவிடும். மேடு பள்ளமில்லாத தெருக்கள் என்பதால் பெரியவர்களும் மெதுவாக நடந்து வரலாம்.

படி 4: காசு

சடங்குச் செலவு பிள்ளைகளுடையது. தங்கும் செலவைச் சம்பாதிப்பவர்களுக்கு மட்டும் தலைக்கு இவ்வளவு என்று பிரியுங்கள். பெரியவர்கள், படிக்கும் பிள்ளைகள் கணக்கில் வேண்டாம். ஒரே ஒருவர் கணக்கு எழுதட்டும். அவர் மாப்பிள்ளையாக இல்லாமல் இருப்பது நல்லது, மாப்பிள்ளையிடம் யாரும் பாக்கி கேட்கமாட்டார்கள்.

படி 5: போய்ச் சேர்வது

தரங்கம்பாடிக்கு இப்போது ரயில் கிடையாது. மயிலாடுதுறை சந்திப்பில் இறங்கி முப்பது கிலோமீட்டர் போல வண்டியில் வர வேண்டும். சென்னையிலிருந்து ராத்திரி உழவன், பகலில் சோழன் எக்ஸ்பிரஸ். கோவையிலிருந்து ஜன சதாப்தி. சிங்கப்பூர், மலேசியா, கொழும்பிலிருந்து வருபவர்கள் சென்னைக்குப் போய்ச் சுற்ற வேண்டாம், திருச்சி விமான நிலையத்தில் இறங்கிக் காரில் வந்துவிடலாம்.

ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாள் முன்னால்தான் திறக்கிறது. பெரியவர்களுக்கு டிக்கெட் போடும்போது ஒரு சூட்சுமம் உண்டு. 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் கீழ் பெர்த் ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் தனியாகவோ இருவராகவோ போட்ட டிக்கெட்டுக்குத்தான் அது பொருந்தும். குடும்பம் மொத்தத்தையும் ஒரே டிக்கெட்டில் அடைத்தால் அத்தைக்கு மேல் பெர்த் விழுந்து, ராத்திரி பத்து மணிக்கு யாரோ முன்பின் தெரியாத பையனிடம் கெஞ்ச வேண்டிவரும். பெரியவர்கள் இரண்டு பேருக்குத் தனி டிக்கெட், துணைக்கு வருபவருக்கு அதே பெட்டியில் வேறு டிக்கெட் என்று போடுங்கள்.

மயிலாடுதுறையிலிருந்து டெம்போ டிராவலர் பேசும்போது, மறுநாள் விடியற்காலைக் கோயில் பயணத்தையும் சேர்த்துப் பேசிவிடுங்கள். ஓட்டுநரின் தூக்கத்துக்கும் சாப்பாட்டுக்கும் இடம் கொடுங்கள்.

படி 6: மூட்டை

துணிமணி அவரவர் பாடு. நீங்கள் யோசிக்க வேண்டியது பொதுப்பை: கூடுதல் போர்வை, இரண்டு மூன்று பாய், கொசுவர்த்தி, டார்ச், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், சேஃப்டி பின், ஃபில்டர் காபிக்கு டிகாக்‌ஷன் போடும் பாத்திரம். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை மூன்று நாளைக்குக் கூடுதலாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். இன்சுலின் போடுபவர் இருந்தால் ஃப்ரிட்ஜ் வேலை செய்கிறதா என்று வந்ததும் பாருங்கள்.

படி 7: முதல் ஒரு மணி நேரம்

இதற்காகத்தான் இவ்வளவு பாடும். ஆனால் இங்கேதான் பலரும் கோட்டைவிடுவார்கள். வந்து இறங்கியதும் எல்லோரும் கையில் காபியோடு அவரவருக்குத் தெரிந்தவர்களிடம் ஒதுங்கிவிடுவார்கள். கனடாவில் ஸ்கார்பரோவில் பிறந்த பெண், தமிழ் புரியும் ஆனால் பேசக் கூச்சம், போனைப் பார்த்துக்கொண்டு ஜன்னலோரம் நிற்கும். "இது யார் பொண்ணு?" என்று நான்கு பேர் அதற்குக் கேட்கும்படியே பேசிக்கொள்வார்கள்.

அதனால் ஊரிலிருந்தே ஒரு பெரிய சார்ட் எழுதிக் கொண்டுபோங்கள். நடுவில் தாத்தா பாட்டி, அதிலிருந்து கிளை கிளையாகப் பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள். பேருக்குக் கீழே ஒரு சின்னப் படம். ஹாலில் பார்வை மட்டத்தில் ஒட்டிவிடுங்கள். வேண்டுமென்றே இரண்டு மூன்று இடங்களைக் காலியாக விடுங்கள். யாராவது பெரியவர் கண்ணாடியை ஏற்றிப் போட்டுக்கொண்டு வந்து, "இங்க எங்க அண்ணன் இருக்கணுமே, சின்ன வயசுலயே போயிட்டான்" என்று விரல் வைப்பார். அந்த இடத்தில் பேனாவை அந்தக் கனடாப் பெண் கையில் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். எழுத்துப்பிழையைத் திருத்தவே இரண்டு பாட்டிகள் வந்து பக்கத்தில் உட்காருவார்கள். பிறகு நீங்கள் அங்கே நிற்கத் தேவையில்லை.

முறை சொல்லிக் கூப்பிடுவதையும் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிக்கொடுங்கள். அப்பாவின் அக்கா தங்கை அத்தை, அவர் வீட்டுக்காரர் மாமா. அம்மாவின் அக்கா பெரியம்மா, தங்கை சித்தி. இவ்வளவு போதும், மிச்சத்தை எல்லாம் "அங்கிள், ஆன்ட்டி" என்று கூப்பிட்டு வாங்கிக்கட்டிக்கொள்ளும்போது கற்றுக்கொள்வார்கள். பெரியவர்கள் காலில் விழுவது வளர்ந்த பிள்ளைகள் விருப்பம். கட்டாயப்படுத்தினால் பாட்டிக்கும் சங்கடம், பிள்ளைக்கும் சங்கடம்.

ராத்திரி படுக்கையைக் குடும்பம் குடும்பமாகப் பிரிக்காதீர்கள். ஒண்ணுவிட்ட அக்கா தங்கைகளை ஒரே அறையில் விடுங்கள். தூங்கமாட்டார்கள், விடியற்காலை எழுப்ப ஒரு ஆள் மட்டும் பொறுப்பெடுக்கட்டும்.

படி 8: கோயில் காலை

தம்பதி மேல் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கலச நீர் ஊற்றுவார்கள். இருவரும் முழுக்க நனைவார்கள், கல்தரை வழுக்கும். இரண்டு பெரிய துண்டு, மாற்றுப் புடவை, வேட்டி அடங்கிய பை ஒருவர் தோளிலேயே இருக்கட்டும். அப்பாவின் இடப்பக்கம் ஒருவர், அம்மாவின் வலப்பக்கம் ஒருவர் நிற்கட்டும். போட்டோகிராபர் "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்பார், தள்ளாதீர்கள்.

படி 9: மீன்

சடங்கு முடியும்வரை சைவம். அன்று ராத்திரியோ மறுநாளோ, அசைவக் குடும்பமாக இருந்தால், கண்கள் எல்லாம் கரைப்பக்கம்தான் போகும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. ஃபைபர் படகுகள் போகும், ஆனால் வரத்து குறைந்து விலை ஏறும். பெரிய மீன் அப்போது ஐஸ் பெட்டியில் வெளியூரிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம்.

காலையில் படகு கரையேறும்போதே போய்விடுங்கள். செவுளைத் தூக்கிப் பார்த்தால் நல்ல சிவப்பாக இருக்க வேண்டும், பழுப்பென்றால் வேண்டாம். கண் தெளிவாகப் புடைத்திருக்க வேண்டும். வயிற்றில் விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே மேலே வர வேண்டும். கூட்டத்துக்கு வஞ்சிரம் வாங்கினால் காசு கரையும். குழம்புக்குச் சங்கரா, வறுக்க நெத்திலி, பிள்ளைகளுக்கு இறால் போதும். அங்கேயே காசு கொடுத்துச் சுத்தம் செய்து வாங்கிவிடுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் "நாங்க ஆஞ்சுக்கறோம்" என்று அத்தைகள் உட்கார்ந்தால், அந்த நாள் முழுக்க அவர்கள் கடலையே பார்க்கமாட்டார்கள்.

மாமா ஒருவர் "காரைக்கால்ல ஒரு சின்ன வேலை" என்று கிளம்புவார். பதினைந்து கிலோமீட்டரில் புதுச்சேரி ஆட்சிப்பகுதி, என்ன வேலை என்று எல்லோருக்கும் தெரியும். பாட்டிலை எல்லை தாண்டிக் கொண்டுவந்தால் சோதனையில் மாட்டலாம் என்று மட்டும் சொல்லிவையுங்கள்.

படி 10: கடல்

இதில் தாட்சண்யம் வேண்டாம். வங்கக் கடல் குளிக்கும் கடல் இல்லை. கால் நனைக்கலாம், முழங்காலோடு சரி. குடித்தவர் இறங்கக் கூடாது, யாராக இருந்தாலும். மாசிலாமணிநாதர் கோயிலை ஒட்டிய பாறாங்கற்களில் பிள்ளைகளை ஏறவிடாதீர்கள். அலைகள் உடைகிற வரிசைக்கு நடுவே ஓரிடம் மட்டும் அமைதியாகத் தெரிந்தால், அது இறங்க நல்ல இடம் என்று தோன்றும். நீர் உள்ளே இழுத்துப் போகும் வழியே பெரும்பாலும் அதுதான். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் விலகிய பிறகே திரும்ப வேண்டும். 2004 டிசம்பர் 26இல் சுனாமி நிறையப் பேரைக் கொண்டுபோன ஊர் இது. கரையில் இருக்கும் மீனவர் "இன்னைக்கு இறங்காதீங்க" என்றால் மறுபேச்சு பேசாதீர்கள்.

விடியலில் பாய் விரித்து உட்கார்ந்தால் சூரியன் கடலிலிருந்தே எழும். பௌர்ணமியாக அமைந்தால் சாயங்காலம் நிலாவும் அப்படியே. பெரியவர்களுக்குப் பாய் வேண்டாம், பிளாஸ்டிக் நாற்காலியே போடுங்கள். மணலில் உட்கார்ந்தால் எழுப்ப இரண்டு ஆள் வேண்டும்.

படி 11: கிளம்புவது

கிளம்பும் நேரம் எப்போதும் சொன்னதைவிட ஒரு மணி நேரம் தள்ளும், ரயிலைக் கணக்கிட்டு முன்கூட்டியே சொல்லுங்கள். கடைசியாக ஒருவர் அறை அறையாகப் போய்ப் பார்க்கட்டும்: சார்ஜர், வாஷ்பேசின் மேல் பல்செட், ஃப்ரிட்ஜில் இன்சுலின், கொடியில் ஈரத்துண்டு. ஹாலில் ஒட்டிய சார்ட்டைச் சுருட்டி யார் எடுத்துப்போவது என்று ஒரு சின்னத் தகராறு வரும். அதைப் போனில் படமெடுத்துக் குழுவில் போட்டுவிட்டு, அசலைப் பாட்டியிடம் கொடுத்துவிடுங்கள். வீட்டுக்காரரிடம் அட்வான்ஸ் பாக்கியை வாங்கிக்கொண்ட பிறகு சாவியைக் கொடுங்கள்.